விரதம் இல்லாத புதன்கிழமை

எங்கள் தலைநகரத்தைப் பன்னிரண்டு பக்கத்துக்குள் அடக்கித் தரச் சொன்னார்கள். அடக்கித் தந்தேன். அடிஸ் அபாபா மாநாட்டுக்கு வருகிற வெளிநாட்டுத் தலைவர்கள், விடுதி அறையில் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புரட்டிப் பார்க்க வேண்டிய புத்தகம் அது. எந்தொத்தோ மலையையும் அதன் தைலமரங்களையும் முதல் பக்கத்தில் வைத்தேன். பழைய அரண்மனை, மெர்க்காதோச் சந்தை, பியாசாவின் நகைக்கடைகள், நீலமும் வெள்ளையுமாக ஓடும் வாடகை வேன்கள், குளிர்ந்த காற்று எல்லாம் வந்துவிட்டன. கடைசிப் பத்தியில், 'நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிறோம்' என்று எழுதி, அதை நானே இரண்டு தரம் வாசித்து மெச்சிக்கொண்டேன். வெட்கங்கெட்டவன்.

அந்தப் பன்னிரண்டு பக்கத்தில் கெசெனே இல்லை. மலையடிவாரத்தில் மண்ணும் புகையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பேட்டையில்தான் நான் பிறந்தேன். இருபத்திரண்டு வயதுவரை அங்கேதான் வளர்ந்தேன்.

கெசெனேக்காரர்கள் களிமண் பிசைகிறவர்கள். காப்பி கொதிக்கவைக்கும் ஜெபெனாவை, நீண்ட கழுத்தும் உருண்டை வயிறுமாக, கரியைப் போல் கருப்பாக எங்கள் பெண்கள் செய்து தருகிறார்கள். அது இல்லாத வீடு இந்த நகரத்தில் கிடையாது. அதைச் செய்தவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற வீடும் அநேகமாகக் கிடையாது. மண் பிசைகிறவர்களின் கண் பொல்லாதது, அவர்கள் பார்த்த சோறு வயிற்றில் தங்காது, ராத்திரியானால் கழுதைப்புலியாக மாறி இடுகாட்டைத் தோண்டுவார்கள் என்றெல்லாம் பேச்சு. படித்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே தட்டையும் கொஞ்சம் நகர்த்திக்கொள்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதியம், அலுவலகத்தில் பெரிய தட்டு ஒன்றில் புளித்த தோசை மாதிரியான இன்ஜெராவை விரித்துப் பருப்புக் குழம்பு ஊற்றி ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தோம். எங்கள் பிரிவுத் தலைவி எலெனி மேடம் என்னைப் பார்த்து, "எந்தப் பக்கம் நீ?" என்று கேட்டார்.

"பியாசா," என்றேன்.

"அம்மா என்ன பண்றாங்க?"

"அம்மா இல்ல மேடம்."

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை, சொல்லி முடித்துவிட்டேன். என்ன செய்கிறாள் என்று சொல்ல முடியாததால் அவளையே இல்லாமல் ஆக்கிவிட்டேன். எலெனி மேடத்தின் கண் கலங்கிவிட்டது. இன்ஜெராவைக் கிழித்துக் குழம்பில் தோய்த்து உருட்டி, "வாயைத் திற, தாயில்லாப் புள்ள," என்று தன் கையாலேயே எனக்கு ஊட்டினார். எங்கள் ஊரில் பிரியமானவர்களுக்குத்தான் அப்படி ஊட்டுவார்கள். அன்றிலிருந்து ஆறு வருடமாகத் தினமும் முதல் கவளம் எனக்குத்தான். நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேதான் இருந்தேன்.

அம்மா அஸ்கலே திடமாகத்தான் இருந்தாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். மண் சுமந்து, பிசைந்து, சுட்டு, சந்தைக்குக் கொடுத்து என்னைப் படிக்கவைத்தவள் அவள். நான் வாரத்துக்கு ஒரு முறை, பொழுது சாய்ந்தபின் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான் செய்த நல்ல காரியம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது, அதனால் சொல்லிவைக்கிறேன். அவள் என்னிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு நாள் வெளிச்சத்துல வாயேன் மாமுஷ். நாலு பேரு பாக்க என் கையால காப்பி குடிச்சிட்டுப் போ."

"வரேம்மா, வரேன்," என்பேன். அலுவலகத்தில் நான் அந்து, அவளுக்கு இன்னும் மாமுஷ், குட்டிப்பயல்.

புத்தகத்தை வாசித்து முடித்த எலெனி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கே அந்து. ஆனா ஊர்ல ஆளே இல்லையே? மலை இருக்கு, மரம் இருக்கு, கட்டடம் இருக்கு. மனுசங்க எங்கே?"

படம் எடுக்கும் கிரும் பக்கத்தில் நின்றிருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "கெசெனேக்குப் போலாம் மேடம். கருப்பு ஜெபெனான்னா அங்க அஸ்கலேன்னு ஒருத்தி இருக்கா. சந்தையில எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் அவ பேரைத்தான் சொல்றான். அந்தக் கையைப் படம் எடுத்தா, அட்டைக்கே போடலாம்."

என் அம்மாவைப் பற்றி என் அலுவலகத்தில் ஒருவன் பெருமையாகப் பேசுகிறான். நான் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெசவுக்காரர்களைப் படம் எடுக்கலாமே, மலையில் விறகு சுமக்கிற பெண்களை எடுக்கலாமே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை.

"புதன்கிழமை காலையில போறோம்," என்றார் மேடம். "நானும் வரேன். அந்து, நீதான் அவகிட்டப் பேசணும். உனக்குத்தான் எல்லார்கிட்டயும் பேச வரும்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாளைக்கா? பகல்லயா? உங்க மேடமும் வராங்களா? காப்பி விருந்துக்குப் புல்லு வாங்கித் தரையில தூவிடறேன்..."

"அம்மா, இரு. கொஞ்சம் கேளு." பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். "அவங்களுக்கு உன்னைத் தெரியாது. நான் யாருன்னும் தெரியாது. நாளைக்கு... நீயும் என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு கோழி கூவுவது மட்டும் கேட்டது. பிறகு அவள், "எந்தச் சட்டை போட்டுட்டு வருவே?" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"திடீர்னு பார்த்தா முகம் காட்டிக்கொடுத்துடும்டா. முன்னாடியே தெரிஞ்சா மனசைத் தயார் பண்ணிக்குவேன்."

"சாம்பல் கோட்டு," என்றேன். "தெருவுல யாராச்சும் என்னைக் கூப்பிட்டுட்டா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ கவலைப்படாதே."

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று நான் கேட்கவில்லை. கவலை தீர்ந்த மனிதன் என்ன கேட்பான்? போய்க் கோட்டைத் தேய்க்கக் கொடுத்தேன்.

புதன்கிழமை காலை அலுவலக வண்டியை மேட்டுக்குக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறினோம். பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம். சின்ன வயதில் என் காதைத் திருகிய வோல்தே கிழவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வீட்டு செனெபெச் அக்கா, எனக்கு எத்தனையோ நாள் சோறு போட்டவள், துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கிழவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கைத்தடியைப் பார்த்தார். செனெபெச் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டாள். ஒருவரும் கூப்பிடவில்லை. கோட்டுப் போட்டதும் அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் வருத்தம்கூட வந்தது எனக்கு. அந்தக் கேவலத்தையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். பண்டிகைக்குக் கட்டும் வெள்ளை உடுப்பு. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாள். ஆனாலும் வெடிப்புகளில் மண் இருந்தது. மேடத்துக்கும் கிருமுக்கும் குனிந்து வணக்கம் சொன்னாள். எனக்கும் சொன்னாள்.

"வாங்க ஐயா. உள்ள வாங்க. எங்க வீட்டுக் கூரை தாழ்வு, தலையைப் பார்த்து வாங்க."

அந்த வாசல் நிலையில் முட்டிமுட்டி வளர்ந்த தலை இது. குனிந்து போனேன்.

உள்ளே தரையில் பச்சைப் புல் தூவியிருந்தது. சாம்பிராணிப் புகை. கிரும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். அம்மா மண்ணை எடுத்துப் பிசைந்து காட்டினாள், ஒரு ஜெபெனாவின் கழுத்தை இரண்டு விரலால் இழுத்து நிமிர்த்தினாள். நான் குறிப்பேட்டை விரித்து, அலுவலகக் குரலில் கேட்டேன்: "எத்தனை வருசமா இந்த வேலை?"

"நாப்பது வருசம் இருக்கும் ஐயா."

"புள்ளைங்க?" என்று குறுக்கே கேட்டார் எலெனி மேடம்.

அம்மாவின் விரல் ஜெபெனாவின் கழுத்தில் நின்றது. "ஒரு பையன். தூரத்துல இருக்கான். நல்லா இருக்கான்."

"வந்து பார்ப்பானா?"

"அவனுக்கு வேலை ஜாஸ்தி அம்மா. பெரிய வேலை."

பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள். நாங்கள் பார்க்கவே பச்சைக் கொட்டையை வறுத்து, வாசனைப் புகையை எங்கள் பக்கம் விசிறிக் காட்டி, இடித்து, கொதிக்கவைத்து, சின்னக் கோப்பைகளில் உயரத்திலிருந்து ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. காப்பிக்கு மூன்று சுற்று உண்டு. மூன்றாவது சுற்றில்தான் அந்த வீட்டு ஆசீர்வாதம் கிடைக்கும். முதல் சுற்றையே தொடாமல் எழுந்தால் காறித் துப்பியதற்குச் சமம்.

எலெனி மேடம் என் பக்கம் சாய்ந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "அந்து, ஏதாவது சொல்லிச் சமாளி," என்று காதோரம் முணுமுணுத்தார். "நான் இதையெல்லாம் நம்புறவ இல்ல. இருந்தாலும் வயித்துக்குள்ள போறது, பாரு."

கிரும் கோப்பையைத் தொடவே இல்லை. கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அம்மா ஒரு கோப்பையை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினாள். ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு கோப்பையைத்தான். வாசலில் நான்கைந்து பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம். வாங்கிக் குடித்திருக்கலாம். விருந்தாளியாகவே குடித்திருக்கலாம். மேடம் பார்க்கிறார், நாளை மதியம் தட்டில் என் கை படும்போது இவர் என்ன நினைப்பார் என்பதுதான் என் புத்தியில் ஓடியது.

"மன்னிச்சுக்கங்க," என்றேன். "இன்னைக்குப் புதன்கிழமை. நாங்க மூணு பேரும் விரதம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வருடத்தில் பாதிக்கு மேல் விரதம் இருக்கிற சனங்கள் நாங்கள். புதனும் வெள்ளியும் மத்தியானம் தாண்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆண்டவர் உயிர்த்த பாசிகாப் பண்டிகைக்குப் பிறகு வருகிற ஐம்பது நாள் மட்டும் விரதமே கிடையாது, புதனும் இல்லை, வெள்ளியும் இல்லை. பாசிகா முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உன் வீட்டில் குடிக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட அதில் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பெரிய உத்தியோகத்துல இருக்கறவங்க. ஏதாச்சும் நேர்ந்துக்கிட்டிருப்பாங்க," என்றாள். பிறகு என்னிடம், "உங்க நேர்ச்சையைக் கடவுள் ஏத்துக்கட்டும் ஐயா," என்றாள்.

ஆவி பறக்க வரிசையாக இருந்த மூன்று கோப்பைகளையும் கிரும் படம் எடுத்தான். "அழகா இருக்கு, எடுத்துடாதீங்கம்மா, அப்படியே இருக்கட்டும்," என்றான்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள்.

"விரதமாம்!" கிரும் என் தொடையில் அறைந்தான். "டேய், காலையில ஆட்டுக்கறி தின்னுட்டு வந்தவன்டா நான்! பாசிகாவுக்கு அப்புறம் எவன்டா புதன்கிழமை விரதம் இருக்கான்?"

"அந்தப் பொம்பளை முகத்தைப் பார்த்தியா, பாவம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் மேடம். "நாசூக்கா நேர்ச்சைன்னு சொல்லிட்டா. நல்ல பொம்பளைதான். அவ பேரு என்னமோ சொன்னானே கிரும்? முழுப் பேரைக் கேட்டியா? படத்துக்குக் கீழ போடணும்ல."

"கேக்கல மேடம்," என்றேன்.

அவர்களோடு நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே. மறுநாள் மதியம் மேடம் முதல் கவளத்தை உருட்டி நீட்டியபோது வயிறு சரியில்லை என்று எழுந்துபோய்க் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. என்னைப் பார்க்கவே எனக்குக் கூசியது. கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து தெரு முழுக்க ஆட்கள் நடமாடுகிற நேரத்தில் கெசெனேக்குப் போனேன். மேட்டின் பாதியிலேயே செனெபெச் அக்கா வழி மறித்தாள்.

"யாரு ஐயா நீங்க? யாரைப் பாக்கணும்?"

"அக்கா, நான்தான்."

"அட, எங்களைத் தெரியுமா உனக்கு? இன்னைக்குத் தெரிஞ்சவங்களா நாங்க? சொல்லிடுப்பா, எங்களுக்குக் குழப்பமா இருக்கு."

"அக்கா, அன்னைக்கு யாரும் என்னை அடையாளம் கண்டுக்கலைன்னு நினைச்சேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவ்வளவு நேரம் இருந்த கேலி போய்விட்டது. "மடையா! நீ தவழ்ந்த தெருடா இது. இருட்டுல நீ இருமினாலே யாருன்னு சொல்லுவோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உங்கம்மா இந்தத் தெருவுல வீடு வீடா ஏறி இறங்குனா. 'நாளைக்கு என் புள்ள வரான், யாரும் கூப்பிட்டுடாதீங்க, அவனைத் தெரியும்னு காட்டிடாதீங்க, அவன் சோத்துல மண்ணு விழுந்துடும்'னு ஒவ்வொரு வாசல்லயும் நின்னு கெஞ்சுனா. வோல்தே தாத்தா, இந்த வயசுல பொய் வேசம் போட மாட்டேன்னு பிடிவாதம் புடிச்சாரு. உங்கம்மா அவரு முழங்காலைக் கட்டிக்கிட்டு முத்தம் குடுத்தா. அஸ்கலேடா! உங்கப்பன் செத்தப்பகூட எவன் முன்னாடியும் மண்டி போடாதவ. நீ ஒருத்தன் எங்களைத் தெரியாதுன்னு சொன்னேன்னு பார்த்தா, ஊரையே உன்னைத் தெரியாதுன்னு சொல்ல வெச்சிட்டியேடா."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

எங்களில் பெரிய தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்கப் போனால் பிடரியில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டு போவான். தப்புக்கு ஆளானவர் 'இறக்கு' என்று வாய்விட்டுச் சொல்லும்வரை இறக்கக் கூடாது. ஊர்ப் பெரிய சண்டைகளுக்குத்தான் அப்படிச் செய்வார்கள். தெருவோரத்தில் கிடந்ததில் பெரியதாக ஒன்றைத் தூக்கிப் பிடரியில் வைத்துக்கொண்டேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வோல்தே கிழவர் எழுந்து நின்றார். தலையைக் குனிந்தபடி நடந்துபோய் எங்கள் வாசலில் நின்று, "அம்மா," என்று கூப்பிட்டேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, வயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

மண் ஒட்டிய கால்கள் ஓடிவந்து நிலையில் நின்றன. கண்ணை மட்டும் தூக்கிப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலாகத் தெருமுனையைப் பார்த்தாள், அங்கிருந்து மேட்டுக்குக் கீழே அன்று வண்டி நின்ற இடத்தைப் பார்த்தாள்.

"ஆபீஸ் ஆளுங்க வந்திருக்காங்களா?" என்றாள், உதடு பிரியாமல்.

"இல்லம்மா. நான் மட்டும்தான்."

"நிஜமாவா? யாரும் பின்னாடி வரலையே?"

"யாரும் வரல. அம்மா, நான் பண்ணது தப்பு. இறக்குன்னு சொல்லும்மா."

"சத்தம் போடாதேடா மாமுஷ். கீழ்த்தெருவுல சந்தைக்காரங்க இருக்காங்க, யாராச்சும் போய்ச் சொல்லிடுவாங்க." அவள் இரண்டு கையாலும் என் பிடரியிலிருந்த கல்லைத் தூக்கினாள். என் கோட்டுக் கழுத்தில் ஒட்டிய மண்ணை அவசர அவசரமாகத் தட்டிவிட்டாள். பிறகு என்னை உள்ளே இழுத்து, அந்தக் கல் ஏன் அங்கே வந்தது என்று யாரும் கேட்டுவிடாதபடி அதைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.